ஷட்டவுன் வேலைக்குப் போகிறவர்களுக்கு: பெருமாள்புரம் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு எப்படி?

வளைகுடா நாடுகளுக்கு ரிஃபைனரி (எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை) ஷட்டவுன் வேலைக்குப் பையன்களை அனுப்பும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை, கடையநல்லூர், எந்த ஊரை எடுத்தாலும் அப்படிப் போனவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஏஜென்ட் கேட்கும் பணத்துக்கு நகையை அடகு வைக்கிறோம். மெடிக்கல், விசா, டிக்கெட் என்று அலைகிறோம். போன இடத்தில் உயிரோடு வேலை பார்க்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மட்டும் ஆள் தேடுவதில்லை. திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஒரு சின்னப் பயிற்சி நிலையம் அதைச் சொல்லிக்கொடுக்கிறது. இரண்டு நாள் வகுப்பு, 3,500 ரூபாய், மதியச் சாப்பாடும் டீயும் அதிலேயே சேர்த்தி. கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கிறது என்பது என் முடிவு. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

நான் சவுதியின் ஜுபைலிலும் அபுதாபியின் ருவைஸிலும் ரிக்கராகவும் (கிரேன் தூக்கும் பாரத்தைக் கட்டிக் கொடுப்பவன்) பிறகு ரிக்கிங் ஃபோர்மேனாகவும் வேலை பார்த்தவன். இப்போது ஊரோடு இருக்கிறேன். என் தங்கை மகனுக்கு ஹெல்பர் விசா வந்திருக்கிறது. அவனைச் சேர்க்கப் போனபோது, என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் பார்ப்போம் என்று நானும் பணம் கட்டி உட்கார்ந்துவிட்டேன்.

ஷட்டவுன் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சில வருஷத்துக்கு ஒருமுறை ரிஃபைனரியின் ஒரு பகுதியை நிறுத்தி, டேங்கு, குழாய், காலம் எனப்படும் உயரமான கோபுரக் கலன் எல்லாவற்றையும் திறந்து சுத்தம் செய்து, பழுது பார்த்து மூடுவார்கள். சில நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்குவார்கள். சாரம் கட்டுகிறவன் ஒரு கம்பெனி, வெல்டர் இன்னொரு கம்பெனி, கிரேன் வேறொருவருடையது. தமிழ், மலையாளம், வங்காளம், உருது, நேபாளி, டகாலோக் என்று பத்து மொழி. எல்லாருக்கும் நாள் கணக்கு நெருக்கும். அங்கே ஒருவன் உயிர் அவன் தலையில் இருக்கும் ஹெல்மெட்டைவிட, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆள் என்ன செய்கிறான் என்பதில்தான் அதிகம் தொங்குகிறது. இந்த வகுப்பு எனக்குப் பிடித்துப்போன காரணம், நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்பதுதான்.

முதல் நாள் காலை வழக்கமான வகுப்பு. ஹெல்மெட், ஷூ, கண்ணாடி, கீழே விழாமல் தாங்கும் ஹார்னஸ் பட்டையை எப்படி மாட்டுவது, கொக்கியை இடுப்புக்குக் கீழே மாட்டாமல் தலைக்கு மேலே ஏன் மாட்ட வேண்டும், இப்படி. நன்றாகவே சொன்னார்கள். இதை எங்கேயும் கற்றுக்கொள்ளலாம்.

விஷயம் மதியத்துக்கு மேல்தான். கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பழைய டீசல் டேங்கைக் கழுவிச் சுத்தம் செய்து, படுக்கவைத்து, செங்கல் அண்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். 24 அங்குல மேன்ஹோல். ரிஃபைனரியில் நுழைகிற அதே அளவு வாய். ஒருவன் உள்ளே போக வேண்டும். ஒருவன் வாயில் நிற்க வேண்டும், அவன்தான் ஹோல் வாட்ச். யார் உள்ளே போனான், எத்தனை மணிக்குப் போனான், எப்போது வந்தான் என்று எழுதுவதும், உள்ளே இருப்பவனோடு தொடர்பில் இருப்பதும்தான் அவன் வேலை. சம்பளப் பட்டியலில் கடைசியில் இருக்கும் வேலை இது. பெரும்பாலும் புதுப் பையன்களைத்தான் நிறுத்துவார்கள்.

பயிற்சியாளர் ஒரு ரிஃபைனரியின் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பையன்களிடம் எதுவும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். ஆபீஸ் பையனுக்கு, சைட்டில் அதிகாரிகள் போடும் வெள்ளை ஹெல்மெட்டை மாட்டி, கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து அனுப்பினார். அவன் வந்து ஹோல் வாட்சிடம், "தம்பி, அந்த ஸ்பேனரை எடுத்துட்டு வா, சீக்கிரம்" என்றான். முதலில் நின்ற பையன் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டான். ஸ்பேனரோடு திரும்பி வந்தபோது மேன்ஹோல் வாயில் ஒரு அட்டை தொங்கியது: உள்ளே இருந்தவர் இறந்துவிட்டார். அந்தப் பையன் முகம் வெளுத்துப்போனது. யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தடுத்து வந்தவர்களுக்குச் சுதாரிப்பு வந்துவிட்டது. ஆனால் வெள்ளை ஹெல்மெட்டும் விடவில்லை. என் மருமகன் முறை வந்தபோது வெள்ளை ஹெல்மெட்காரன் முதலில் நயமாகக் கேட்டான், அப்புறம் சத்தம் போட்டான், கடைசியில் "வேலையை விட்டுத் தூக்கிருவேன், தெரியுமால?" என்றான். மருமகன் ஒரு கையால் மேன்ஹோல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சார், உள்ள ஆளு இருக்கு. எனக்குப் பதிலா இன்னொரு ஆள நிப்பாட்டுங்க, அப்புறம் போறேன்" என்றான். குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னான். சைட்டில் அவன் சொல்ல வேண்டிய வாக்கியம் அதுதான். இங்கே வேப்பமரத்தடியில் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னவனுக்குத்தான் அங்கே வாய் வரும். வேலையை நிறுத்த எல்லாருக்கும் அதிகாரம் உண்டு என்று எல்லாக் கம்பெனியும் போர்டு எழுதி மாட்டுகிறது. இருபது வயதுப் பையன் ஒரு இன்ஜினியரிடம் அதை எப்படிச் சொல்வது என்று பழக்கிவிடும் இடத்தை நான் இங்கேதான் பார்த்தேன்.

இதன் அடுத்த பகுதி இன்னும் முக்கியம். உள்ளே இருக்கிறவன் பதில் கொடுக்காமல் படுத்துக்கொள்வான். வெளியே நிற்பவன் என்ன செய்வான்? ஏறக்குறைய எல்லாருமே தலையை உள்ளே விட்டார்கள். பயிற்சியாளர் ஒரு கம்பைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். 1986ல் அமெரிக்காவின் நியாஷ் ஆய்வு நிறுவனம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல், காப்பாற்றப் போனவர்கள் என்று அதில் இருக்கிறது. இதைக் கேட்க நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. செப்டிக் டேங்கில் ஒருவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்துச் செத்த செய்தியை நம் ஊர்ப் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம். அலாரம் அடி, ஆளைக் கூப்பிடு, வெளியே இருந்தபடியே கயிற்றை இழு. முக்காலி போல ஒரு டிரைபாடை நிறுத்தி, உள்ளே போகிறவன் ஹார்னஸில் கயிற்றை மாட்டி, வின்ச்சைச் சுற்றி இழுக்க வைத்தார்கள். கயிறு மாட்டாமல் போனவனை வெளியே இருந்து எதுவும் செய்ய முடியாது என்பது எல்லாருக்கும் தானாகவே விளங்கிவிட்டது.

ஜோடி சேர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் இரண்டு ஒடியா பையன்கள் வந்திருந்தார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து நிற்கப் போனபோது பயிற்சியாளர் பிரித்து, ஆளுக்கொரு தமிழ்ப் பையனோடு விட்டார். பொது மொழி கிடையாது. உள்ளே போவதற்கு முன் கயிற்றை ஒருமுறை இழுத்தால் என்ன, இரண்டு முறை இழுத்தால் என்ன, விசில் எதற்கு என்று இருவரும் கையாலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, இதற்கு நேரம் தாராளமாகக் கொடுத்தார்கள். சைட்டில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பைப் பேசும் காலை டூல் பாக்ஸ் மீட்டிங் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் நடக்கும். பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை உடைக்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலை வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு, சைட்டில் எல்லாரும் ஹெச் டூ எஸ் என்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது என்பது பலருக்குத் தெரியாது. 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு, என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. ஏறக்குறைய அந்த அளவிலேயே மூக்கும் கைவிட்டுவிடும். காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கும். அதனால் அலாரம் அடித்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்துக் குறுக்கே விலகி, எதிர்க்காற்றில் மேட்டுக்குப் போக வேண்டும். கூரையில் ஒரு துணிப்பையைக் காற்றாடி போலக் கட்டி, அதைப் பார்த்து ஓட விட்டார்கள். நன்றாக இருந்தது.

இங்கேதான் பெரிய குறையும். வகுப்பில் பதினெட்டு பேர் இருந்தோம். வேலை செய்யும் நிலையில் வாயு மீட்டர் ஒன்றே ஒன்று. ஆக்சிஜன் (19.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது), எரியும் வாயு, ஹெச் டூ எஸ் முதலான எல்லாவற்றையும் காட்டும் நான்கு வாயு மீட்டர்தான். ஆனால் கைக்குக் கை மாறி வருவதற்குள் பாடமே முடிந்துவிட்டது. அதோடு, மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் சோதிக்கும் வாயு சிலிண்டர் காலாவதியாகி இருந்தது. பயிற்சியாளர் மறைக்கவில்லை, தேதியை அவரே காட்டினார், புதியது வாங்கப் பணம் இல்லை என்றார். பணக் கஷ்டம் புரிகிறது. ஆனால் சோதிக்காத மீட்டரை நம்பக் கூடாது என்று சொல்லித்தரும் இடத்தில் சோதித்துக் காட்ட முடியாதது சரியில்லை. இதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

மதியம் பெர்மிட், அதாவது ஒரு வேலையைத் தொடங்க வாங்க வேண்டிய அனுமதித் தாள். நான் இத்தனை வருஷம் பெர்மிட் வாங்கியவன், ஆனாலும் அசந்து உட்கார்ந்திருந்த பகுதி இதுதான். வகுப்பைப் பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் என்று இரண்டாகப் பிரித்தார்கள். மேசையில் ஒரு பம்பு, சில குழாய், ஃபிளாஞ்ச், போல்ட். பகல் கோஷ்டி ஒரு வால்வைக் கழற்றி மூடித் தகடு போட்டது. ஒரே பம்பில் இரண்டு வேலை, இரண்டு பெர்மிட் தாள். பிறகு அவர்களை வெளியே அனுப்பிவிட்டு ராத்திரி கோஷ்டியை உள்ளே விட்டார்கள். ஒரு தாள் மேசையில், இன்னொன்று அலமாரியில். "இன்னொரு பம்பு நின்னுபோச்சு, இதை ஓட்டலாமா?" என்று கேட்டார் பயிற்சியாளர். மேசைத் தாளைப் பார்த்தவர்கள், "ஓட்டலாம் சார்" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் 1988 ஜூலை 6 கதையைச் சொன்னார். பிரிட்டனை ஒட்டிய வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. ஒரு பம்பின் சேஃப்டி வால்வைப் பகலில் கழற்றி, அந்த இடத்தில் தகடு வைத்திருந்தார்கள். அது கசியாத அளவுக்கு இறுக்கப்படவில்லை. வால்வு இல்லை என்ற தகவல் ராத்திரி ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த பம்பு நின்றதும் இதை ஓட்டினார்கள். ராத்திரி பத்து மணி வாக்கில் வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அந்த மேடையோடு குழாய்களால் இணைந்திருந்த டார்ட்டன், கிளேமோர் மேடைகள் தீ தெரிந்த பிறகும் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. நிறுத்தும் முடிவை எடுக்க யாருக்கு அதிகாரம் என்பதில் தயக்கம். மேசையில் இருந்த தாளை மறுபடி ஒருமுறை பார்த்தான் "ஓட்டலாம்" என்று சொன்ன பையன்.

விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990ல் 106 பரிந்துரைகள் கொடுத்தார். மேடைத் தொழிலாளர்களே தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதி 1989லேயே பிரிட்டனில் வந்துவிட்டது. 1997ல் அங்குள்ள எண்ணெய்க் கம்பெனிகளும் கான்ட்ராக்டர்களும் சேர்ந்து, பாதுகாப்பில் ஒருவருக்கொருவர் கற்றதைப் பகிர்ந்துகொள்ள ஸ்டெப் சேஞ்ச் இன் சேஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எண்ணெய் விலையில் போட்டி போடுகிறவர்கள் இதில் மட்டும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட ஒப்புக்கொண்டார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒன்பது படங்களும் அந்த வழியில் வந்தவைதான். உலக எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகளின் சங்கமான ஐஓஜிபி 2018ல் வெளியிட்ட உயிர் காக்கும் விதிகள். முன்பு பதினெட்டு இருந்ததை ஒன்பதாகக் குறைத்தார்கள். நம் பையன்கள் மாதத்துக்கொரு கம்பெனி மாறுகிறவர்கள். போகுமிடமெல்லாம் ஒவ்வொரு விதி என்றால் ஒன்றும் மனதில் நிற்காது. படத்துக்குக் கீழே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், நல்ல தமிழ்.

பூட்டுப் பயிற்சியையும் விடக் கூடாது. மின்சாரத்தையோ வால்வையோ அடைத்து, அந்தச் சாவியை ஒரு பெட்டியில் போட்டு, அந்த வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் பெட்டியில் தன் பூட்டைப் போட வேண்டும். கோயில் உண்டியலுக்கு ஆளுக்கொரு சாவி வைத்து, எல்லாரும் இருந்தால்தான் திறப்பது மாதிரி. கடைசி ஆள் வேலை முடித்துத் தன் பூட்டை எடுக்கும்வரை எவனாலும் சுவிட்சைப் போட முடியாது. ஃபோர்மேனுடைய ஒரே பூட்டில் பத்துப் பேர் வேலை பார்த்த சைட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் "என் பூட்டு எங்கே?" என்று கேட்கப் பையனுக்குத் தெரிந்தால் போதும்.

வகுப்பில் இல்லாதவை இரண்டு. ஒன்று, நம் நாட்டு விபத்துகள். 2005 ஜூலை 27, மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயல். விரல் வெட்டுப்பட்ட ஒரு சமையல்காரரை மேடைக்கு மாற்ற நெருங்கிய கப்பல், வாயுக் குழாயில் இடித்துத் தீப்பிடித்தது. 22 பேர் போனார்கள், 362 பேரை மீட்டார்கள். 2021 மே மாதம் டவ்டே புயலில் மூழ்கிய பி-305 படகில் இறந்தவர்கள் 70 பேருக்கு மேல், பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு யார் முடிவு எடுப்பது, கப்பல்காரனா, கான்ட்ராக்டரா, எண்ணெய்க் கம்பெனியா? நம் பையன்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. வட கடலைவிட இது நெஞ்சுக்கு நெருக்கம்.

இரண்டாவது, சட்டம். போபாலுக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41ஜி, 41எச் என்று பிரிவுகள் சேர்த்தார்கள். அபாயமான தொழிற்சாலையில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இருக்கும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது ஒன்று. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளிக்குத் தோன்றினால் நிர்வாகத்திடமும் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லலாம், நிர்வாகம் உடனே பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் பாதுகாப்புக் குழு இருக்கிறது. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தூத்துக்குடியிலும் கங்கைகொண்டானிலும் வேலை பார்க்கிறவர்கள். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு எரிவாயுக் குழாய் 2021லேயே வந்துவிட்டது. இந்த வேலை இனி நம் வாசலிலும் உண்டு. அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் நல்லது.

சான்றிதழ் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். கடல் மேடை வேலைக்கு இது செல்லாது. அதற்கு, கடல் எண்ணெய் மேடைப் பயிற்சிகளை அங்கீகரிக்கும் ஓபிட்டோ அமைப்பின் அங்கீகாரமுள்ள இடத்தில், நீச்சல் குளத்தில் ஹெலிகாப்டர் கூண்டைக் கவிழ்த்து வெளியே வரும் பயிற்சி எடுக்க வேண்டும், செலவும் பல மடங்கு. இதை இவர்களே சேரும்போது சொல்லிவிடுகிறார்கள், வாசலில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை பிடித்திருந்தது. எங்கள் ஊருக்கு வந்த ஒரு ஏஜென்ட், ஒரு நாள்கூட வகுப்பில் உட்காராமல் 1,500 ரூபாய்க்குச் சேஃப்டி சான்றிதழ் வாங்கித் தருவதாக என் தங்கையிடம் சொன்னார். அந்தத் தாளோடு மேன்ஹோலில் நிறுத்தப்படும் பையனை நினைத்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

மற்றபடி, ஹால் சின்னது, மதிய வெயிலில் ஷீட் கூரை கொதிக்கிறது. சேஃப்டி ஆபீசர் படிப்பு முடித்த ஒரு பெண் வந்திருந்தார், கேள்வி கேட்பதில் அவர்தான் முதல். ஆனால் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தார். அதைக் கட்டியே ஆக வேண்டும். சாப்பாடு சாம்பார், ரசம், கூட்டு, வயிறார.

முடிந்து கிளம்பும்போது பயிற்சியாளரிடம் பேசினேன். வளைகுடா போய் வந்தவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஸ்காஃபோல்டர், வெல்டர், கிரேன் ஆபரேட்டர், எல்லாரும் சும்மா வீட்டில்தான் இருக்கிறோம். ஆளுக்கொரு ஞாயிறு வந்து, பார்த்ததைச் சொன்னால் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது பையன்களுக்குக் கிடைக்கும். "வாங்க அண்ணாச்சி, போர்டுல இடம் விட்டு வைக்கேன்" என்றார். ரிக்கிங் வகுப்பை நான் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் நாலைந்து சேர்ந்தால் இரண்டு மீட்டரும் ஒரு சிலிண்டரும் வாங்கிக் கொடுப்பது பெரிய காரியம் இல்லை. எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவர் சம்மதித்துவிட்டார்.

சேர நினைப்பவர்களுக்கு: புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் பக்கம்தான். சனி, ஞாயிறு வகுப்பு, முன்பே சொல்லி வைக்க வேண்டும். விசா கையில் வந்த பிறகு அவசரமாகப் போகாமல் அதற்கு முன்பே போய்விடுங்கள், இரண்டு நாளும் முழுதாக உட்கார வேண்டும் என்பதில் கறாராக இருக்கிறார்கள். ஹெல்மெட்டும் ஹார்னஸும் அவர்கள் தருவார்கள். சேஃப்டி ஷூ மட்டும் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும், செருப்போடு வந்தவர்களை டேங்கு பக்கம் விடுவதில்லை.